களிம்பு ஏறினால் செம்பை எறிவதா?

"பற்றரி முடிந்துவிட்டது, முழுவதையும் மாற்ற வேண்டும்."

பழைய ஹைபிரிட் கார் வைத்திருப்போர் என்றோ ஒருநாள் ஏதோ ஒரு கராச்சின் வாசலில் நின்று கேட்கும் தீர்ப்பு இது. விசாரணை இல்லை, சாட்சியம் இல்லை, எழுத்தில் ஒரு வரியும் இல்லை. தீர்ப்பு மட்டும் உண்டு. பல லட்சம் ரூபா தண்டமும் உண்டு. கள்வனுக்குக்கூடக் குற்றத்தை வாசித்துக் காட்டிய பின்னரே தண்டனை விதிக்கும் நாட்டில், காரின் சொந்தக்காரருக்கு மட்டும் அவ்வுரிமை இல்லையா என்று கேட்கிறோம்.

இக்கார்கள் நம் முற்றத்துக்கு வந்த வரலாற்றைச் சற்றே நினைவுகூர்வோம். 1997ஆம் ஆண்டு ரொயோட்டாவின் பிரியஸ் யப்பானில் விற்பனைக்கு வந்தது. 2011இன் இறுதியில் அதன் இளவல் அக்குவா வந்தது. பெற்றோல் மிச்சமாகும் என்பதற்காக ஹைபிரிட் கார்களுக்குத் தீர்வைச் சலுகை தந்து அரசே நம்மை அழைத்தது. டாக்டரும் ஆசிரியரும் எந்திரியும் வாங்கினர். வெங்காயமும் புகையிலையும் விற்ற காசை முற்பணமாகக் கட்டி விவசாயியும் வாங்கினான். பின்னர், 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதிக் கதவு மூடப்பட்டது. தனியார் கார்களுக்கு அது மீண்டும் திறக்கப்பட்டது 2025 பெப்ரவரியில். திறந்த கதவின் படியிலே வரி மலைபோல் நிற்கிறது. ஆகவே, பத்து வயதைத் தாண்டிய இக்காரைப் பேணுவது நமக்கு விருப்பமன்று, விதி.

அது பேணத் தகாததா? 2022ஆம் ஆண்டை மறந்தவர் எவருமிலர். எரிபொருள் நிலைய வரிசையில் இரவும் பகலும் காத்துக்கிடந்த நாட்கள் அவை. கியூஆர் அட்டைப் பங்கீடு வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர் என்றார்கள். லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றர் ஓடும் காரில் யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டவர் அநுராதபுரத்தோடு நின்றார். நல்ல நிலையிலிருந்த அக்குவாவில் புறப்பட்டவர் அதே 20 லீற்றரில் கொழும்பை எட்டினார். அன்று அதனை ஏக்கத்தோடு பார்த்தவர்கள்தாம் இன்று, "ஹைபிரிட் வாங்கினவன் கெட்டான்" என்று திண்ணையிலிருந்து தீர்ப்புரைக்கின்றனர்!

தீர்ப்பின் இலட்சணம்

இக்காரினுள் பெற்றோல் இயந்திரமும் மின்மோட்டரும் கூட்டாக உழைக்கின்றன. பிறேக் பிடிக்கும்போது வீணாய்ப்போகும் விசையை மின்சாரமாக்கிப் பற்றரியிற் சேமித்து, மீண்டும் புறப்படும்போது செலவிடுவதே இதன் சூட்சுமம். அந்தப் பற்றரி ஒரே பாளமன்று. அக்குவாவில் 20 அலகுகள். இரண்டாம், மூன்றாம் தலைமுறைப் பிரியஸில் 28 அலகுகள். ஒவ்வோர் அலகிலும் ஆறு சிறு கலங்கள். எல்லாம் வரிசையாகத் தொடுக்கப்பட்டு முன்னதில் 144 வோல்ற்றும் பின்னதில் 201.6 வோல்ற்றும் தருகின்றன. வரம்பில் ஒரு நண்டு வளை போதும், வயல்நீர் முழுவதும் வடிந்துபோக. அவ்வாறே ஓர் அலகு நலிந்தாலும் தொகுதி முழுவதும் தளரும்.

அப்போது காரின் கணினி 'பீ-0-ஏ-80' என்றொரு குறியீட்டைக் காட்டும். 'பற்றரித் தொகுதியை மாற்றுக' என்பதே அக்குறியீட்டின் பெயர். ஆனால் கணினி கண்டது யாது? அலகுகளுக்கிடையே மின்னழுத்தம் ஒவ்வவில்லை என்பதை மட்டுமே. ஏன் ஒவ்வவில்லை என்பதை அது அறியாது. அறிய வேண்டியவர் மனிதர். குறியீட்டின் பெயரைப் படித்துவிட்டு விலைச்சீட்டை எழுதுபவர் தொழில் வல்லுநர் அல்லர், கருவியின் எடுபிடி.

எமது அநுபவத்தையே சொல்கிறோம். 2012இல் உருவான எமது காரில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. முதலிற் சென்ற கராச்சில் கால் மணி நேரத்திலே தீர்ப்புக் கிடைத்தது: முழுப் பற்றரியும் போயிற்று. மனம் ஒப்பாமல் வேறொருவரிடம் கொண்டுசென்றோம். அவர் பின் இருக்கையைக் கழற்றினார். பற்றரிக்குக் குளிர்காற்று ஊட்டும் விசிறி, செம்மண் புழுதியாலும் நூற்பஞ்சாலும் அடைபட்டுக் கிடந்தது. அலகுகளை இணைக்கும் செப்புத் தகடுகளிலே பச்சைக் களிம்பு பூத்திருந்தது. விசிறியைத் துப்புரவாக்கினார்; தகடுகளைத் தேய்த்தார்; 20 அலகுகளையும் ஒவ்வொன்றாக அளந்து தாளில் எழுதித் தந்தார். ஓர் அலகுகூட மாற்றப்படவில்லை. அன்று ஓடத் தொடங்கிய கார் இன்றும் ஓடுகிறது.

செம்பிற் களிம்பு என்ற உவமையைச் சைவ சித்தாந்த வகுப்பிலே கேட்டு வளர்ந்த மண் இது. களிம்பு கண்டதும் செம்பையே வீசியெறியச் சொன்ன ஆசான் எவரும் உளரோ?

நேர்மைக்கு அஞ்சோம்

பற்றரி சாகாவரம் பெற்றதென்று நாம் வாதிடவில்லை. நிக்கல் கலந்த இக்கலங்கள் வயதால் நலியும். நம் நாட்டு வெப்பத்தால் இன்னும் விரைவாக நலியும். வெளிநாட்டிலுள்ள உறவினரின் கார் என்று மாதக்கணக்கில் பூட்டிவைத்தாலும் நலியும். கிழடாகிப்போன தொகுதியில் ஓர் அலகை மட்டும் மாற்றினால், மற்றவை ஒவ்வொன்றாகப் படுத்துவிடும் என்பதும் உண்மையே. அளக்காமலும் இணை பாராமலும் பழைய அலகுகளைக் கோத்துப் 'புதுப்பித்தது' என்று விற்பவரும், முழுவதையும் மாற்றச் சொல்பவரும் ஒரே ஏமாற்றின் இரு கைகள். அளந்து பார்த்துப் பெரும்பாலானவை நலிந்தனவென்று காட்டட்டும், மனமுவந்து மாற்றுவோம். நாம் மறுப்பது செலவையன்று, இருட்டை.

காரின் சொந்தக்காரருக்கும் ஒரு சொல். பின் இருக்கையை ஒட்டிய காற்றுவழியின்மேல் பையையும் சால்வையையும் போட்டு அடைப்பவர் யார்? 12 வோல்ற் சிறு பற்றரி தளர்ந்தாலே விளக்குகள் பல ஒருங்கே எரியும் என்பதை அறியாது கலங்கி நிற்பவர் யார்? நாமேதான். ஆயினும் செம்மஞ்சள் நிறக் கம்பிகளைத் தாமே தொட எவரும் துணியற்க. அவற்றில் ஓடும் மின்சாரம் உயிர்குடிக்கும். அது பயின்றவர் கைக்குரிய வேலை.

கிணற்றை நினைமின்

"காரில்லாத எனக்கு இதில் என்ன?" என்று ஒரு விவசாயி கேட்கலாம். சொல்கிறோம். யாழ்ப்பாணத்துக்கு வற்றாத ஆறில்லை, சுண்ணக்கல்லின் அடியில் ஊறும் நீரே நமக்கு ஆறும் குளமும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்த செய்தியால் 2014, 2015ஆம் ஆண்டுகளில் ஊரே கொதித்தெழுந்ததை மறந்தோமா? நிக்கலும் கடுங்காரமும் அடங்கிய பற்றரிகளைத் தேவைக்கு முன்னரே கழற்றி, போக்கிடம் வகுக்காமல் வளவின் மூலையிலே குவித்தால், அவை கசிந்து இறங்கும் இடம் எது? மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் இறைக்கும் அதே நீர்தான்!

ஆதலால் மூன்றைக் கேட்கிறோம். ஒவ்வோர் அலகின் அளவையும் எழுத்தில் தராமல் எந்தப் பற்றரியையும் மாற்றச் சொல்லலாகாது. தீர்வையை எண்ணி வாங்கிய அரசு, இக்கார்களைப் பழுதுபார்க்கும் கல்வியைத் தமிழ் இளைஞர்க்குத் தமிழிலேயே ஊட்ட வேண்டும். கழற்றிய பற்றரியை விற்றவரே திரும்பப் பெற்று, பாதுகாப்பாக அகற்றவும் வேண்டும்.

இவை வரும்வரை நம் கையிலுள்ள ஆயுதம் ஒன்றே. அடுத்த முறை, "முடிந்துவிட்டது" என்ற சொல் காதில் விழுந்ததும் பணப்பையைத் திறவாதீர்கள். "அளந்த தாளைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். காட்டாதவரிடமிருந்து காரைத் திருப்பிக்கொண்டு வாருங்கள்!