ஓசி ஆப்... எது கில்லி?

புது ஸ்மார்ட்போன் வாங்கியாச்சா பாஸ்? ட்ரீட் அப்புறம். மூஞ்சியில பூனைக்காது ஒட்டுற ஆப்பை இறக்குறதுக்கு முன்னாடி, காரைக்கால் பக்கம் மண்டபத்தூர் மாதிரி மீனவ கிராமத்துல எந்த ஆப் உதவும்னு பாருங்க.

'ஃபிஷர் ஃப்ரெண்ட்'! எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் குவால்காமும் சேர்ந்து உருவாக்கின இலவச ஆப். ஹைதராபாத் 'இன்காய்ஸ்' மையம் கணிக்கிற அலை, காற்று, மீன் கிடைக்கிற இடம் எல்லாம் தமிழ்லயே காட்டும். மெயின் மேட்டர், இலங்கைக் கடல் எல்லையை நெருங்கினா எச்சரிக்கும். தாண்டினா கைது, படகு பறிமுதல்னு போயிடுமே! நடுக்கடல்ல டவர் ஏது? ஜி.பி.எஸ். நேரா சாட்டிலைட்டைப் பிடிக்கிறதால, சிக்னல் இல்லாமலே இடம் தெரியும்.

நெட் போனா உங்க ஆப் வேலை செய்யுமா? 'ஆர்கானிக் மேப்ஸ்' செய்யும், மேப்பை முன்னாடியே இறக்கி வெச்சுக்கணும். வி.எல்.சி. பிளேயரும் அப்படித்தான். 1996-ல் பாரிஸ் காலேஜ் பசங்க ஆரம்பிச்ச ப்ராஜெக்ட், விளம்பரமே கிடையாது. (நம்ம ப்ராஜெக்ட் எல்லாம் வைவாவோட சரி!)

டார்ச் ஆப் மட்டும் வேணவே வேணாம். ஒரு டார்ச் ஆப், ஆள் இருக்கிற இடத்தை விளம்பரக் கம்பெனிகளுக்குப் போட்டுக்கொடுத்ததுன்னு 2013-ல் அமெரிக்க வர்த்தக ஆணையமே நடவடிக்கை எடுத்துச்சு. டார்ச்தான் போன்லயே இருக்கே!