கடல் சூழ்ந்தால் உழைப்பு வந்துவிடுமா?

தோட்டத்துத் தமிழர் ஏன் முன்னேறவில்லை என்ற கேள்விக்குப் பூகோளத்தில் விடை கண்டிருக்கிறார் ஒருவர். ஈப்போ கூட்டமொன்றில் அவர் பேசியதன் சாரம் இது: சிங்கப்பூர் ஒரு தீவு, ஓடி ஒளிய இடமில்லை, அதனால் அங்கே தமிழன் உழைத்தான், படித்தான். பேராக்கில் முதுகுக்குப் பின்னால் காடு இருந்தது, அதனால் இவன் சோம்பிக் கிடந்தான்.

உலகப்படத்தை ஒருமுறையாவது விரித்துப் பார்த்தவர் இப்படிப் பேசமாட்டார். நவுருவும் ஒரு தீவுதான், வெறும் 21 சதுர கிலோமீட்டர். பாஸ்பேட் விற்ற பணத்தில் 1970களில் கொழித்தது. பாஸ்பேட் தீர்ந்ததும் நொடித்துப்போய், ஆஸ்திரேலியா தரும் காசுக்கு அகதிகளை அடைத்துவைக்கும் இடமானது. மடகாஸ்கரும் தீவு, வறுமையில் கிடக்கிறது. ஐஸ்லாந்தும் தீவு, வளமாக இருக்கிறது. அவ்வளவு தூரம் வேண்டாம், இலங்கையைப் பார்க்கட்டும். நம் பாட்டன்மார் ரப்பருக்கு வந்ததுபோலத் தேயிலைக்குப் போனவர்களின் குடியுரிமையை 1948இல் அந்தத் தீவு பறித்தது. 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப இரண்டு அரசுகளும் பேசி முடித்தன. அந்த மலையகத்தார் உழைக்கவில்லையா?

சிங்கப்பூரின் வளத்தைத் தீவின் குணமாக்குவது அதைவிட வேடிக்கை. 1890 முதல் அங்கே பக்கத்துப் பிரானித் தீவில் உருக்கிய ஈயம் எந்த மண்ணைத் தோண்டி வந்தது? பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கைக் கேளுங்கள். அங்கே ஏலம் போன ரப்பர் எந்த மரத்தில் வடிந்தது? அந்தத் தீவு இன்றும் ஜொகூரிலிருந்து ஆயிரம் கேலன் மூன்று சென் விலையில் ஆற்றுநீர் எடுக்கிறது, 2061 வரை ஒப்பந்தம். துறைமுகம், வீடமைப்பு, பள்ளிக்கூடம் என்று அங்கே அரசு செய்ததை நானும் மதிக்கிறேன். செய்தது அரசு, கடலல்ல.

இனி அந்தச் சோம்பலுக்கு வருவோம். வெயில் ஏறினால் ரப்பர் மரத்தில் பால் வடிவது குறையும். அதனால் இருட்டிலேயே பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கொசுக்கடியில், ஒருவர் நெரையில் 400, 500 மரம். பட்டை மெல்லிசாகச் சீவ வேண்டும், கத்தி ஆழம் போனால் மரத்தில் காயம், கங்காணியிடம் ஏச்சு. பிறகு மங்கு மங்காகப் பாலை வாளியில் ஊற்றி, காண்டா கம்பில் தோளில் சுமந்து ஸ்டோருக்கு. மழை பெய்தால் வெட்டில்லை, வெட்டில்லையென்றால் கூலியுமில்லை. பிள்ளை ஆயாவின் பொறுப்பில், ஆயக்கொட்டகையில். இதற்குப் பெயர் சோம்பலாம்!

காட்டில் ஒளிந்தார்களாம். 1948 ஜூன் 16இல் சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் கொல்லப்பட்டு அவசரகாலம் வந்த பிறகு, தொழிலாளர் லயன் வீடுகளைச் சுற்றி முள்வேலி வந்தது. தோட்டத்துக்குள்ளேயே வீடு, கடை, கடன், கள்ளுக்கடை, ஆறாம் வகுப்போடு நிற்கும் பள்ளி. ஓட இடமில்லாமல் இருப்பதுதான் முன்னேற்றத்தின் தாய் என்றால், இவர்களைப்போல் முன்னேறியிருக்க வேண்டியவர் உலகில் எவரும் இல்லை.

துரைமார் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது இவர்கள் கைகட்டி நிற்கவுமில்லை. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அன்றாடக் கூலிக்காரர்கள் சம்பளத்தில் பிடித்துக் கொடுத்த பணத்தில்தான் அது தோட்டங்களை வாங்கியது. 1969இல் குடியுரிமை இல்லாதவருக்கு வேலை பெர்மிட் என்று சட்டம் இறுகியபோது ஆயிரக்கணக்கானோர் கப்பலேறினார்கள். குடியுரிமையைக் காட்டும் அடையாள அட்டையின் நிறம் முடிவு செய்ததைக் காட்டின் தலையில் கட்டலாமா? ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது, தலைமுறையாக இருந்த வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். காலடி மண்ணில் ஓர் அடிக்குக்கூட இவர்களிடம் பத்திரமில்லை.

அடுத்த கூட்டத்துக்குமுன் பேச்சாளர் சுங்கை சிப்புட்டுக்குப் போய், வயதான வெட்டுக்காரம்மா ஒருவரிடம் காலையில் எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் என்று கேட்டுவிட்டு வரட்டும். பிறகு மேடை ஏறட்டும், மன்னிப்புக் கேட்க.