எந்தக் கை முந்துவது?

முன்பின் அறியாத இருவர் பொருளை மாற்றிக்கொள்ள முற்படும்போது விலையைவிடப் பெரிய கேள்வி ஒன்று அவர்களுக்கிடையே நிற்கிறது: எந்தக் கை முந்துவது? முந்திக் கொடுத்தவர் ஏமாறக்கூடும். பிந்திக் கொடுக்க வேண்டியவர் பெற்றதோடு மறையக்கூடும். சந்தையில் நேருக்கு நேர் நிற்போர்க்கு இது சிக்கலாவதில்லை. ஒரு கை நீளும்போதே மறு கை வாங்கிக்கொள்கிறது. பொருள்கள் இரண்டும் இரு வேறு கணக்கேடுகளில், ஒன்றையொன்று அறியாமல் கிடக்கும்போதுதான் கேள்வி கூர்மை அடைகிறது. பிளாக்செயின் எனப்படும் தொடரேடுகளில் எண்மச் சொத்து வைத்திருப்போர் இன்று நிற்பது அந்த இடத்தில்தான். பிட்காயினின் ஏடு லைட்காயினின் ஏட்டைப் படிப்பதில்லை. ஈதரின் ஏடு இரண்டையும் அறியாது. ஓர் ஏட்டில் கொடுத்துவிட்டோம் என்பதற்காக மற்றோர் ஏட்டில் தானாக எதுவும் வந்து சேராது.

இந்த இடர் கணினி யுகத்தில் பிறந்ததன்று. 1974 ஜூன் 26 அன்று பிற்பகல், ஜெர்மனியின் கொலோன் நகரிலிருந்த ஹெர்ஸ்டாட் வங்கியை அந்நாட்டு அதிகாரிகள் மூடினர். அன்று அவ்வங்கியோடு நாணயமாற்று செய்த பிற வங்கிகள் ஜெர்மன் மார்க்கைக் கொடுத்து முடித்திருந்தன. அதற்கீடாக வரவேண்டிய டாலர் நியூயார்க்கிலிருந்து வரவேண்டும். அங்கே அப்போது காலைப் பொழுது. கொடுத்தது போயிற்று, வரவேண்டியது வரவில்லை. கொடுப்பதற்கும் பெறுவதற்கும் இடைப்பட்ட சில மணி நேரம் உலக வங்கித்துறையையே நடுங்கச் செய்தது. அவ்வாண்டின் இறுதியில், வங்கி மேற்பார்வைக்கான பேசல் குழு அமைந்தது. இரு நாணயங்களும் ஒருங்கே கைமாறினாலன்றி எதுவும் கைமாறாது என்னும் விதியோடு சிஎல்எஸ் வங்கி செயல்படத் தொடங்கியது 2002ஆம் ஆண்டில். ஒரு பிற்பகலின் இடைவெளியை அடைக்க 28 ஆண்டுகள் தேவைப்பட்டன.

எண்மச் சொத்துகளின் உலகம் இந்தப் பாடத்தை அறிந்தும் பழைய வழியிலேயே நடந்தது. நடுவே ஒருவரை நிறுத்தியது. இரு தரப்பும் தத்தம் சொத்தை அவரிடம் ஒப்படைத்தன. டோக்கியோவில் இயங்கிய மவுண்ட் காக்ஸ் பரிமாற்றகம் 2014 பிப்ரவரியில் வீழ்ந்தபோது ஏறத்தாழ 8,50,000 பிட்காயின்களைக் காணவில்லை என்றது. அவற்றுள் சுமார் 2,00,000 பின்னர்க் கண்டெடுக்கப்பட்டன. ஒப்படைத்தவர்களுக்கு அந்த நாணயங்களிலிருந்து பங்கு திரும்பத் தொடங்கியது 2024ஆம் ஆண்டில். பத்தாண்டு காலம் அவர்கள் காத்திருந்தது தங்கள் சொந்தப் பொருளுக்காக.

அடுத்து வந்தவை பாலங்கள். ஓர் ஏட்டில் மூலச் சொத்தைப் பூட்டிவைத்து, அதற்கீடான சீட்டை மற்றோர் ஏட்டில் வழங்கும் ஏற்பாடு இது. பூட்டிய பெட்டகம் ஒன்று. அதன் சாவிகளோ சிலர் கையில். ஆக்ஸி இன்ஃபினிட்டி விளையாட்டுக்காக அமைந்த ரோனின் பாலத்துக்கு ஒன்பது சாவிகள் இருந்தன. ஐந்து இசைந்தால் கதவு திறக்கும். 2022 மார்ச் 23 அன்று ஐந்து சாவிகள் திருடர் கைவசமாயின. 1,73,600 ஈதரும், யுஎஸ்டிசி என்னும் டாலருக்கு இணையான எண்ம நாணயம் 2.55 கோடியும் வெளியேறின. அன்றைய மதிப்பில் 60 கோடி டாலருக்கும் மேல். ஆறு நாள்கள் அதை எவரும் உணரவில்லை. பயனர் ஒருவர் தம் 5,000 ஈதரை எடுக்க முயன்று முடியாமற்போன பின்னரே பெட்டகம் வெறுமையானது தெரியவந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் நோமாட் பாலம் சரிந்தது. மென்பொருளைப் புதுப்பித்தபோது நேர்ந்த ஒரு பிழை, மெய்ப்பிக்கப்படாத செய்தியையும் மெய்யென ஏற்கச் செய்தது. முதலில் எடுத்தவரின் கட்டளையைப் படியெடுத்து, முகவரியை மட்டும் மாற்றி எழுதி, நூற்றுக்கணக்கான முகவரிகளுக்குச் சொத்து இறைக்கப்பட்டது. இழப்பு ஏறத்தாழ 19 கோடி டாலர்.

இந்த இழப்புகள் தவிர்க்க முடியாதவையா? இல்லை என்பதே நம் உறுதியான கருத்து. நடுவே எவரிடமும் ஒப்படைக்காமல், இரண்டும் கைமாறும் அல்லது இரண்டும் கைமாறா என்னும் நிலையை அமைக்கும் முறையை 2013ஆம் ஆண்டிலேயே டியெர் நோலன் என்னும் பெயரில் எழுதிய ஒருவர் வகுத்துக் காட்டினார். வல்லுநர் இதனை அட்டாமிக் ஸ்வாப் என்பர்; பகுபடாக் கைமாற்று என நாம் சொல்லலாம். அதன் நுட்பத்தைப் பொதுமக்கள் அறிவது நன்று.

முன்னவரிடம் பிட்காயின் இருக்கிறது, பின்னவரிடம் லைட்காயின். முன்னவர் நீண்டதோர் இரகசிய எண்ணைத் தம் கணினியில் உருவாக்குகிறார். அதிலிருந்து ஹேஷ் எனப்படும் முத்திரையை வருவிக்கிறார். எண்ணிலிருந்து முத்திரையைக் காண்பது எளிது. முத்திரையிலிருந்து எண்ணைக் காண்பது எவர்க்கும் இயலாது. இப்போது அவர் தம் பிட்காயினைப் பூட்டுகிறார். பூட்டின் விதி இரண்டு: இந்த முத்திரைக்குரிய எண்ணைக் காட்டினால் பின்னவர் எடுத்துக்கொள்ளலாம், 48 மணி நேரத்தில் அவர் எடுக்காவிடில் முன்னவர் திரும்பப் பெறலாம். பின்னவர் அப்பூட்டைச் சரிபார்த்து, அதே முத்திரையால் தம் லைட்காயினைப் பூட்டுகிறார். ஆனால் தம் கெடுவை 24 மணி நேரமாகக் குறிக்கிறார். லைட்காயினை எடுக்க முன்னவர் இரகசிய எண்ணைக் காட்டியாக வேண்டும். காட்டிய அக்கணமே அது பொது ஏட்டில் பதிவாகிறது. பின்னவர் அதைப் படித்து, அதே எண்ணால் பிட்காயினைத் திறக்கிறார். ஒருவர் பெறும் செயலே மற்றவர்க்குச் சாவியைக் கொடுக்கும் செயலாகிறது. முன்னவர் மனம் மாறினால் எண் வெளிப்படாது. கெடு கடந்தபின் இருவர் பொருளும் இருவரிடமே திரும்பும்.

இரண்டு கெடுக்களும் ஏன் வேறுபட வேண்டும்? ஒன்றாயின், முன்னவர் கடைசி நிமிடத்தில் எண்ணைக் காட்டி லைட்காயினை எடுப்பார். பின்னவர் விழித்துக்கொள்ளுமுன் பிட்காயினையும் திரும்பப் பெற்றுவிடுவார். அந்த 24 மணி நேர இடைவெளிதான் பின்னவரின் காப்பு. ஹெர்ஸ்டாட் நாளில் கொடுத்தவரை வீழ்த்தியது நேர இடைவெளி. இங்கே காப்பதும் நேர இடைவெளி. வேறுபாடு ஒன்றே: அன்று அது எவரும் வகுக்காத ஓட்டை, இன்று அது இருவரும் அறிந்து வகுத்த அரண்.

நம்பத்தக்க நடுவர் இன்றி இருவர் தமக்குள் நேரிய மாற்றைச் செய்து முடிக்க இயலாது என்பது கணினியியலில் நெடுங்காலமாக நிலைத்த முடிபு. பகுபடாக் கைமாற்று அதைப் பொய்ப்பிக்கவில்லை, நடுவரை மாற்றுகிறது. எவருடைய பையிலும் சாவி இராமல், எல்லாரும் காணும் ஏடே நடுவராக அமர்கிறது. 2017 செப்டம்பரில் லைட்காயினை உருவாக்கிய சார்லி லீ 10 லைட்காயினை 0.1137 பிட்காயினுக்கு இம்முறையில் மாற்றிக் காட்டினார். தொகை சிறிது, அது நிறுவிய உண்மை பெரிது. மறு ஆண்டு பிரவுன் பல்கலைக்கழகத்தின் மாரிஸ் ஹெர்லிஹி, இருவர்க்கு மட்டுமன்றிப் பலர்க்கும் இது பொருந்தும் என மெய்ப்பித்தார். யாரிடம் தொடங்கினாலும் கொடுத்தல் வழியே மற்ற ஒவ்வொருவரையும் சென்றடைய முடியுமாறு அனைவரும் பிணைந்திருத்தல் வேண்டும் என்பதே அதற்கு நிபந்தனை.

குறைகளை மறைப்பது நம் நோக்கமன்று. இரகசிய எண்ணை வைத்திருப்பவர் கெடு முடியும்வரை விலையின் போக்கைப் பார்த்திருக்கலாம். தாம் பெறவிருக்கும் பொருளின் விலை ஏறினால் முடிப்பார், இறங்கினால் கைவிடுவார். பின்னவரோ பொருளைப் பூட்டிவிட்டுக் காத்திருப்பார். விலை கொடுக்காமல் பெற்ற உரிமை அது. நேர்மைக்கு அது இழுக்கே. பின்னவர் ஏட்டைக் கண்காணிக்கத் தவறினாலும், நெரிசலில் அவர் கட்டளை தாமதித்தாலும், கெடு கடந்து பொருள் பறிபோகும். பாலத்தில் விரைவாக முடிவது இங்கே மணிக்கணக்கில் நீளலாம். மாற்றுக்கு இசையும் மறுதரப்பு ஒன்றைத் தேடிப் பிடிக்கவும் வேண்டும். எனினும் இக்குறைகளின் அளவை எண்ணிப் பார்க்க வேண்டும். இங்கே விழிப்பாயிருப்பவர் இழப்பது பெரும்பாலும் நேரம். பாலத்திலோ விழிப்பாயிருந்தவரின் முழு உடைமையுமே இடருக்குள்ளாயிற்று.

ஆகவே நாம் சொல்ல விழைவது ஒன்றுதான். நடுவரிடம் ஒப்படைப்பது ஒரு காலத்தில் வேறு வழியின்மையால் நேர்ந்தது. வழி பிறந்தபின் அது வசதிக்காகச் செய்யும் தெரிவு. அந்தத் தெரிவைப் பிறர் சொத்தின்மேல் செய்பவர், அதற்குப் பொறுப்பும் ஏற்றாக வேண்டும்.

நம் நாட்டு அனுபவமும் இதையே உணர்த்துகிறது. 2024 ஜூலையில் வஸீர்எக்ஸ் பரிமாற்றகத்திலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள சொத்து களவு போயிற்று. களவாடப்பட்ட நாணயங்கள் ஒருவகை. ஆயினும் வேறுவகை நாணயம் வைத்திருந்தோரின் கணக்குகளும் முடக்கப்பட்டன. அவ்வாறு முடக்கப்பட்ட ஒருவரின் வழக்கில், 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் தெளிவானதொரு கருத்தை உரைத்தது: கிரிப்டோ நாணயம் தொட்டுணரக்கூடியதன்று, பணமுமன்று, ஆயினும் அது சொத்து, துய்க்கவும் உடைமையாக வைத்திருக்கவும் நம்பிக்கைப் பொறுப்பில் ஒப்படைக்கவும் உரியது. சொத்து என்றால் அதை வைத்துக் காப்பவர்க்குக் கடமை உண்டு. 2022 முதல் இச்சொத்தின் ஆதாயத்துக்கு 30 விழுக்காடு வரியும், மாற்றத்தின்போது 1 விழுக்காடு பிடித்தமும் விதித்து வரும் அரசு, வரியைக் கொள்வதோடு நில்லாமல் காப்பின் நெறியையும் வகுக்கக் கடமைப்பட்டது.

அந்நெறியில் மூன்று கூறுகள் அமைய வேண்டும். பிறர் சொத்தைத் தம் கைக்குள் வைத்திருப்போரையும், மென்பொருளை மட்டும் வழங்கி இருவர் தாமே மாற்றிக்கொள்ள உதவுவோரையும் சட்டம் பிரித்தறிய வேண்டும். சொத்தை வைத்திருப்போர்க்குரிய கடுமையை மென்பொருள் வழங்குவோர்மேல் சுமத்துவது, பாதுகாப்பான வழியைத் தண்டித்து இடர்மிகு வழியை வளர்ப்பதாகும். பாலமும் பரிமாற்றகமும் தம் பெட்டகத்துக்கு எத்தனை சாவிகள், எத்தனை இசைந்தால் திறக்கும், அவை எத்தனை நிறுவனங்களின் கையில் உள்ளன என்பதை ஒப்படைக்குமுன்பே பயனர்க்கு வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பணப்பை மென்பொருளை ஆக்குவோர், பகுபடாக் கைமாற்றை வல்லுநர்க்குரிய வித்தையாக ஒதுக்காமல், கெடுவைத் தாய்மொழியில் தெளிவாகக் காட்டி, உரிமையாளர் உறங்கும்போதும் ஏட்டைக் கண்காணித்து உரிய நேரத்தில் பொருளை மீட்கும் ஏற்பாட்டோடு, அதையே முதல் வழியாக முன்வைக்க வேண்டும்.

மூன்றில் எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை. எந்தக் கை முந்துவது என்ற கேள்விக்கு, எந்தக் கையும் முந்த வேண்டியதில்லை என்ற விடை 2013இலேயே எழுதப்பட்டுவிட்டது. 2017இல் நடத்தியும் காட்டப்பட்டது. அதற்குப் பின்னும் மக்களை முந்திக் கொடுக்கச் சொல்பவர் எவராயினும், கொடுத்தது திரும்பும் என்பதற்குத் தம் உடைமையைப் பிணையாக வைக்கட்டும். அது இயலாதெனில், பெட்டகத்தின் கதவை மூடிவிட்டு ஏட்டை நடுவராக அமர விடட்டும்.