பெயரை அடித்துவிட்டால் போதுமா?



ஒரு சிறு கணக்கோடு தொடங்குவோமா? இயற்பியல் ஆசிரியனிடம் வேறென்ன எதிர்பார்ப்பீர்கள்!

4,000 பேர் வாழும் ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊரிலுள்ள ஒருவரைப் பற்றி உங்களுக்கு ஒரு செய்தி சொல்கிறேன். பெயரைச் சொல்ல மாட்டேன். பெண் என்கிறேன், 4,000 பேர் 2,000 ஆகிவிடுவார்கள். வயது 28 என்கிறேன். சுமார் 30 பேர் மிஞ்சுவர். கணவர் லாரி ஓட்டுகிறார் என்கிறேன். எங்கள் நாமக்கல், சங்ககிரி பக்கத்து ஊர் என்றால் பத்தில் ஒருவர் அப்படி இருக்கலாம்; ஆகவே மூவர். இரண்டு குழந்தைகள், இரண்டும் பெண் என்கிறேன். மூவரில் அப்படி ஒருவர் இருந்தாலே அதிகம். இப்போது சொல்லுங்கள், நான் பெயரைச் சொல்லவில்லையா?

இதையே வேறு விதமாகவும் பார்க்கலாம். 'ஆம்' அல்லது 'இல்லை' என்று பதில் வரும் ஒரு கேள்வி, கூட்டத்தைச் சரிபாதியாகப் பிரிப்பதாகக் கொள்ளுங்கள். 2-ஐ 12 முறை பெருக்கினால் 4,096. ஆகவே அந்த ஊரில் எவரையும் கண்டுபிடிக்க 12 கேள்விகள் போதும். இந்தியா முழுவதற்கும் 31. உலகம் முழுவதற்கும் 33! நம்ப முடியாவிட்டால் நோட்டில் பெருக்கிப் பாருங்கள்.

இந்தக் கணக்கை நான் புத்தகத்தில் படித்துக் கற்கவில்லை. ஒரு தவறு செய்து கற்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களை ஒரு தொண்டு நிறுவனத்தின் ஆலோசனை மையத்துக்கு அழைத்துச் சென்றேன். எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்களுக்கு ஆலோசனை கூறி, மருத்துவமனைக்கு வழிகாட்டும் இடம் அது. அங்கே ஒரு பெண் எங்களிடம் மனம் விட்டுப் பேசினார். "பேரு மட்டும் வேண்டாங்க சார்" என்பது ஒன்றே அவர் கேட்டுக்கொண்டது. மாணவர்கள் அதைக் கட்டுரையாக எழுத, கல்லூரிச் சுவரொட்டி இதழில் ஒட்டினோம். பெயர் இல்லை. ஆனால் வயது, கணவரின் தொழில், ஊர் இருக்கும் திசை, குழந்தைகளின் வகுப்பு எல்லாம் இருந்தன. (இங்கே அவற்றை எழுதவில்லை. மேலே தந்த கணக்கும் அவருடையதன்று.) மறுநாளே ஒரு மாணவன் அதன் முன் நின்று, "அட, இது எங்க ஊரு அக்கா இல்ல?" என்றான். அவன் கெட்டவன் அல்லன். படித்ததும் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

தாளைக் கிழித்தேன். கிழித்து என்ன பயன்? அந்தப் பெண் அதன்பின் அந்த மையத்துக்கு வரவில்லை.

நாமக்கல் 1997 ஜனவரி முதல் நாள் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகளும், திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணறு ரிக் வண்டிகளும் நாடறிந்தவை. ஓட்டுநர்கள் மாதக்கணக்கில் வீட்டை விட்டு வெளியே இருக்கிறார்கள். இந்நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் எச்.ஐ.வி. தொற்று மிகுந்த இந்திய மாவட்டங்களில் ஒன்றாக நாமக்கல் கணக்கிடப்பட்டது. இதற்காக ஓட்டுநர்களை மட்டும் குறை சொல்வோர் உண்டு. நாம் உண்ணும் அரிசியும் பருப்பும் எந்த வண்டியில் வந்தன என்று அவர்கள் ஒரு கணம் எண்ணிப் பார்க்கலாம்.

"ஊரைக் காப்பாற்ற யாருக்கு நோய் என்று எல்லாரும் தெரிந்துகொள்வது நல்லதுதானே?" என்று நீங்கள் கேட்கக்கூடும். என் மாணவர்கள் ஆண்டுதோறும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி, ஆனால் அறிவியல் இதற்கு நேர்மாறான விடையைத் தருகிறது. இந்த வைரஸ் தொடுவதால் பரவாது, ஒரே தட்டில் உண்பதால் பரவாது, கொசுக்கடியாலும் பரவாது. ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் தெரிந்துகொண்டு தம்மைக் காத்துக்கொள்ள அங்கே ஒன்றுமில்லை. ஊர் அறிந்தால் நடப்பது வேறு. கடையில் டம்ளரைத் தனியே வைப்பார்கள். பிள்ளையைப் பள்ளியில் தனியே உட்கார வைப்பார்கள். அதைக் கண்ட மற்ற பத்துப் பேர் பரிசோதனைக்கே வரமாட்டார்கள். வராதவருக்கு மருந்து இல்லை. மருந்து உண்ணாதவரின் இரத்தத்தில் வைரஸ் பெருகும். அவரிடமிருந்துதான் அது பிறருக்குப் பரவும். முறையாக மருந்துண்டு, பரிசோதனையில் தென்படாத அளவுக்கு வைரஸ் குறைந்துவிட்டவரிடமிருந்து உடலுறவு வழியாகவும் அது பரவுவதில்லை. இந்தியாவில் 2004 ஏப்ரல் முதல் இம்மருந்தை அரசு இலவசமாகத் தருகிறது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் ஆலோசனையும் தரும் இடத்துக்கு 'நம்பிக்கை மையம்' என்று பெயர். பொருத்தமான பெயர். நம்பிக்கை போனால் மாத்திரை அலமாரியிலேயே கிடக்கும்.

ஆகவே இரகசியம் காப்பதை நான் வெறும் பண்பாடாகக் கருதவில்லை. அது சிகிச்சையின் ஒரு பகுதி. ஊசியைக் கொதிநீரில் இட்டதுபோல.

சட்டமும் இதை ஏற்றிருக்கிறது. 2017இல் நாடாளுமன்றம் இயற்றிய எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது. ஒருவரின் ஒப்புதலின்றி அவருடைய நிலையை வெளியிடக் கூடாது என்கிறது அது. விவரங்களை வைத்திருக்கும் நிறுவனங்கள் அவற்றைப் பாதுகாக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. விலக்கும் உண்டு. வாழ்க்கைத் துணைக்கு உண்மையிலேயே ஆபத்து இருந்து, எடுத்துச் சொல்லியும் தொற்றுள்ளவர் தாமே தெரிவிக்கப் போவதில்லை என்றால், மருத்துவரோ ஆலோசகரோ துணைவரிடம் நேரில் கூறலாம். அந்தத் துணைவரிடம் மட்டும்; ஊரிடம் அல்ல.

தாமே முன்வந்து சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். நாமக்கல் பகுதியைச் சேர்ந்த பி. கௌசல்யா தம் நிலையை வெளிப்படையாகக் கூறி, 1998இல் எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கென்றே ஓர் அமைப்பை உருவாக்கினார். அந்தத் துணிவை நான் வணங்குகிறேன். ஆனால் சொல்வதா வேண்டாமா என்று முடிவு செய்தவர் அவரே. எங்கள் சுவரொட்டி அந்த முடிவை வேறொரு பெண்ணின் கையிலிருந்து பறித்துக்கொண்டது.

இந்தத் தவறு எங்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1997இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், அரசு ஊழியர்களின் மருத்துவக் குறிப்புகளைப் பெயர் நீக்கி ஆராய்ச்சிக்குக் கொடுத்தார்கள். லதான்யா ஸ்வீனி என்ற ஆராய்ச்சி மாணவி 20 டாலர் கொடுத்து ஓர் ஊரின் வாக்காளர் பட்டியலை வாங்கினார். மாநில ஆளுநரின் பிறந்த நாளில் பிறந்தவர் அப்பட்டியலில் 6 பேர். அவர்களில் ஆண்கள் 3. அவருடைய அஞ்சல் எண்ணில் வசித்தவர் ஒருவரே. ஆளுநரின் நோய்க் குறிப்பு முழுவதும் அம்மாணவியின் கைக்கு வந்துவிட்டது! நம் ஊரில் இதற்கு வாக்காளர் பட்டியல்கூட வேண்டாம். டீக்கடை பெஞ்சு போதும். இப்போது வாட்ஸ்அப் குழுவும் சேர்ந்துகொண்டது.

அந்த மையத்துக்கு இன்றும் போகிறேன். பதிவேட்டில் பெயருக்குப் பதில் எண். பெயரும் எண்ணும் சேர்ந்த ஏடு வேறொரு அலமாரியில். அதன் சாவி ஒருவரிடம் மட்டும். மாணவர்கள் எழுதினால் வயதை '25 முதல் 35 வரை' என்றே எழுதுகிறார்கள். ஊருக்குப் பதில் மாவட்டம். தேவைப்படாத விவரத்தைக் கேட்பதே இல்லை.

அங்குள்ள ஆலோசகர் அம்மாவை ஒருநாள் நாமக்கல் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். மையத்தில் அவரிடம் மணிக்கணக்கில் பேசும் ஒருவர் எதிரே வந்தார். அம்மா முகம் திருப்பிக்கொண்டு மஞ்சள் வாழைப்பழம் விலை கேட்க ஆரம்பித்துவிட்டார். எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. அவர் கடந்து போனபின் சொன்னார்: "அவரா வணக்கம் சொன்னா நானும் சொல்வேன் சார். நானா சொன்னா, கூட வர்றவங்க 'யாரு இந்தம்மா?'னு கேப்பாங்க இல்லையா?"