மண்ணில் மருந்து இருந்தால் காயத்தில் பூசலாமா?

கேள்வி: ஊசி மருந்தே மண்ணிலிருந்துதான் எடுத்தார்கள் என்று என் மகள் சொல்கிறாள். அப்படியானால், மண்வெட்டி பட்ட காயத்தில் நாங்கள் வயல் மண்ணை அப்புவது சரிதானே?

பதில்: மகள் சொன்னது சரி. நீங்கள் முடிவுகட்டியதுதான் தவறு.

கோடை மழை விழுந்ததும் மண்வாசனை எழுகிறதே, அதற்குப் பெரும்பாலும் காரணம் ஸ்ட்ரெப்டோமைசஸ் என்ற பாக்டீரியா வகைதான். அக்கம்பக்கத்துக் கிருமிகளை அடக்கும் பொருள்களையும் இவை சுரக்கும். 1943-ல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற மாணவர், எரு நிறையப் போட்ட வயலின் மண்ணிலிருந்து இப்படி ஒன்றைப் பிரித்தெடுத்தார். காசநோயைக் குணப்படுத்திய முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் அதிலிருந்து வந்தது. (1952-ல் நோபல் பரிசு அவருடைய பேராசிரியர் வாக்ஸ்மனுக்கு மட்டும் போனது. அது தனிக்கதை.)

தேடல் இன்னும் ஓயவில்லை. மண்ணில் உள்ள பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை ஆய்வகத் தட்டில் வளர்வதில்லை. அதனால் ஒரு சிறு கருவிக்குள் அடைத்து, மண்ணிலேயே புதைத்து வளர்க்கிறார்கள். 2015-ல் டெய்க்ஸோபாக்டின் அப்படித்தான் தெரியவந்தது. இன்னும் மருந்துக்கடைக்கு வரவில்லை.

உங்கள் கைப்பிடி மண்ணில் அந்த மருந்துப் பொருள் மிக மிகச் சொற்பம். ஆனால் அதே மண்ணில், அதிலும் சாணம் கலந்த மண்ணில், டெட்டனஸ் எனும் ரண ஜன்னிக் கிருமியின் வித்துகள் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஆழமான காயத்துக்குள் மூடிவிட்டால் அவை முளைக்கும். தாடை இறுகும், உயிரே போகலாம்.

காயத்தைச் சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், கடைசியாக எப்போது தடுப்பூசி போட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.