விசாரணையின்றித் தண்டனையா?

சாட்சியத்தை ஆராயாது தீர்ப்பளித்தல் நீதியன்று. ஆறாத காற்புண்ணோடு ஆஸ்பத்திரிப் படியேறும் நீரிழிவு நோயாளிக்கும் இவ்விதி பொருந்தும் என்போம். புண்ணின் மேற்பரப்பைத் துடைத்தெடுத்துச் சோதித்தால், எலும்பினுள் ஒளிந்திருக்கும் கிருமி பலவேளை அகப்படாது. முதல் எக்ஸ்ரே படத்தில் குறையொன்றும் காணப்படவில்லை என்று வாளாவிருத்தலும் தகாது. எலும்பின் அழிவு படத்தில் தோன்ற இரண்டு மூன்று வாரங்கள் செல்லும். மழுங்கிய உலோகக் கோலைப் புண்ணினுள் செலுத்தி எலும்பு தட்டுகின்றதா எனப் பார்ப்பதற்குப் பெருஞ் செலவில்லை. ஐயம் நீடிப்பின் எம்.ஆர்.ஐ. படமும் எலும்புத் துணுக்கின் பரிசோதனையும் உள.

சிகிச்சையோ? கத்தி ஒன்றே வழி என்பது பழங்கதை. நோய் முன்பாத எலும்போடு நின்று, குருதியோட்டமும் சீராயிருப்பின், ஆறு வார மருந்தே பலரைக் குணப்படுத்தும். அதுவும் ஊசியாகவே இருத்தல் வேண்டுமென்பதில்லை. பிரித்தானியாவில் 1,054 நோயாளரிடம் நடத்தப்பெற்று 2019இல் வெளியான ஆய்வு, எலும்பு மூட்டுத் தொற்றுகளின் முதல் ஆறு வாரச் சிகிச்சையில் வாய்வழி மருந்து ஊசிக்குக் குறைந்ததன்று எனக் காட்டிற்று.

சீழ் பரவி உயிருக்கே ஆபத்து நேருமிடத்துக் கத்தியே காக்கும். அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால், கூலிக்கு உழைப்பவன் காலை இழந்தால் அவன் குடும்பம் சோற்றை இழக்கும். ஆதலின் நாம் கேட்பது சலுகையன்று, உரிமை: அவகாசம் உள்ளபோது, எலும்பைச் சோதியாமலும் குருதியோட்டத்தைப் பாராமலும் எவர் காலையும் துணியாதீர்!