ஊசி இலவசம், மற்றதெல்லாம் யார் தலையில்?

என் வகுப்பில் பத்து வயதுப் பிள்ளை ஒன்று. தினமும் நான்கு ஊசி. "சீனி தின்னக் கொடுத்துக் கெடுத்தாய்" என்று லயத்தில் தாயைத்தான் ஏசுகிறார்கள். பொய். முதலாம் வகை நீரிழிவில் உடம்பு இன்சுலின் சுரப்பதே நின்றுவிடுகிறது. தாய்மேல் எந்தக் குற்றமும் இல்லை.

அரசாங்க ஆஸ்பத்திரியில் இன்சுலின் இலவசம்தான். ஆனால் கிளினிக் நாளில் தாய்க்குப் பேர் இல்லை. பஸ் காசு வேறு. இரத்தத்தில் சீனி பார்க்கும் ஸ்ட்ரிப்பை டவுன் பாமசியில் வாங்க வேண்டும், அதனால் மாதக் கடைசியில் பார்ப்பதே இல்லை. பார்க்காமல் ஊசி போட்டால் இரவில் சீனி இறங்கிப் பிள்ளை மயங்கலாம், உயிரும் போகலாம். மருந்தோ மண்பானையில், ஈர மணலுக்குள்.

இன்சுலின் பம்ப் பற்றிக் கேட்டேன். ஓர் அதிகாரி சிரித்தார்: "தோட்டத்துப் பிள்ளைக்கா, மாஸ்டர்?"

ஆமாம், தோட்டத்துப் பிள்ளைக்குத்தான்! நம் தேயிலையைக் குடிக்கும் இங்கிலாந்தில், சீனியின் அளவைப் பார்த்துத் தானே இன்சுலின் செலுத்தும் பம்பை முதலாம் வகை நோயுள்ள பிள்ளைகளுக்கு அரசாங்க வைத்தியத்திலேயே கொடுக்க 2023 டிசம்பரில் முடிவானது. அதுவும் வரிப்பணம். சவர்க்காரத்திலிருந்து போன் ரீலோட் வரை நாமும் வரி கட்டுகிறோம்.

பம்ப் விலை கூட, நாளைக்கே வராது. ஆனால் ஸ்ட்ரிப் இன்றே வரலாம். கிளினிக் நாளுக்குப் பேர் போடலாம். தோட்ட மருந்துச்சாலையில் ஒரு பிரிட்ஜ் வைக்கலாம். துரை பங்களாவில் இருக்கிறதே!

வீட்டில் ஊசி போடும் பிள்ளை உள்ளவர்கள் அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கிளினிக் கொப்பியோடு வாருங்கள். பெயர்களைச் சேர்த்துச் சுகாதார அமைச்சுக்கு அனுப்புகிறோம், பம்ப்பையும் சேர்த்தே கேட்டு.